வேதனை இல்லை

வியாழன், இரவு.

தீராத நோயாளிகளைப் பார்க்கும் பாலியேட்டிவ் வண்டி இப்போது கரமனை ஆற்றோரக் குடிசைகளுக்கும் வருகிறது. இன்று நானும் தொண்டனாகப் போனேன். இசக்கியம்மாள் திருநெல்வேலியிலிருந்து மகள் வீட்டுக்கு வந்தவள். புற்று எலும்புவரை போய்விட்டது.

"அம்மே, வேதனை உண்டோ?" என்றாள் மலையாளி நர்ஸ்.

"எனக்கென்ன வேதனை மக்கா? பிள்ளைகள கட்டிக் குடுத்தாச்சு. வலிதான் உசிரை எடுக்கு."

மலையாளத்தில் உடம்பு நோவுக்கு வேதனை என்று பெயர். வலி என்றால் மூச்சிழுப்பு. ஆகவே இதுவரை இழுப்புக்கு மருந்து கொடுத்திருக்கிறார்கள். மூச்சு பிரமாதமாக இருக்கிறது.

விளக்கிச் சொன்னேன். நர்ஸ் முகத்தைப் பொத்திக்கொண்டாள். மார்ஃபின் எழுத டாக்டர் வேண்டும், திங்கட்கிழமைதான் வருவார்.

"அதுக்குள்ள நான் மலையாளம் படிச்சிருதேன்" என்றாள் இசக்கியம்மாள்.

மூவரும் சிரித்தோம். சிரித்ததில் அவளுக்கு வலித்தது.