கொடை நாளில் நீ குடித்த ஒரு கை தண்ணீர்

அன்புத் தோழிக்கு,

தோவாளையிலிருந்து பிச்சிப்பூக் கூடைகள் வந்து இறங்கிவிட்டன. தெரு முழுக்க வாசனை. நாளை அம்மன் கோயில் கொடைவிழா. இந்த வாசனை வந்தாலே உன்னோடு பேசத் தோன்றுகிறது.

வடக்கே ஓர் ஆய்வகத்தில் நிலத்தடி நீரைச் சோதிப்பதிலேயே உன் காலம் போயிற்று. ஓய்வு பெற்று வந்ததும் ஊராட்சித் தலைவர் தேர்தலில் நின்றாய். உன்னோடு வீடு வீடாக வந்தேன். மற்றவர்கள் "செஞ்சு தாறோம்" என்றார்கள். நீ மட்டும் "முதல்ல சோதிச்சுப் பாப்போம்" என்றாய்.

"டீச்சரே, உங்க கூட்டாளி ஓட்டு கேக்காளா, பரீட்சை வைக்காளா?" என்று பலசரக்குக் கடை அண்ணாச்சி சிரித்தார். ஆனாலும் ஜெயித்தாய். பொய் சொல்ல மாட்டாள் என்று ஊர் நினைத்தது.

அந்த நம்பிக்கைதான் உன்னை மாட்டிவிட்டது. ஊரே குடிக்கும் கோயில் கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பினாய்; நைட்ரேட் அதிகம் என்று முடிவு வந்தது. வயலில் போடும் யூரியா மண்ணில் இறங்கிக் கிணற்றுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பெரியவர்களுக்கு அவ்வளவாக ஒன்றும் செய்யாது. அந்தத் தண்ணீரில் பால்பொடி கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தைக்கு உதடு நீலம் பாயும், உயிருக்கே ஆபத்தாகலாம். ஊர்க்கூட்டத்தில் இதைச் சொன்னாய்.

"கொதிக்க வச்சா சரியாயிரும்லா?" என்றாள் ஒருத்தி.

நான் எழுந்தேன். "சாம்பாருல உப்பு கூடிப்போச்சுன்னா வத்த வைப்பியா மக்கா? வத்த வத்தக் கரிக்கத்தானே செய்யும்? இதும் அப்படித்தான்."

பெண்களுக்குப் புரிந்தது. அண்ணாச்சிதான் விடவில்லை. "தலைவரே, கிணறு நல்லதா, கெட்டதா? ஒத்த வார்த்தையில சொல்லுங்க."

"இன்னொரு தடவை சோதிக்கணும் அண்ணாச்சி. அதுவரைக்கும் பிள்ளைகளுக்குக் கொடுக்காண்டாம்."

"அப்ப உங்களுக்கே உறுதி இல்ல!"

எல்லாரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வரும் வழியில் சொன்னாய்: "ஆய்வகத்துல கதவச் சாத்திட்டு அடுத்த சோதனைக்குக் காத்திருக்கலாம் ஏட்டி. இங்க கதவே கிடையாது."

அடுத்த முடிவு வருமுன் கொடை வந்துவிட்டது. பொங்கலுக்கான முதல் வாளியை ஊராட்சித் தலைவர் இறைத்து, ஒரு கை அள்ளிக் குடித்த பிறகுதான் மற்றவர்கள் குடம் நிரப்புவார்கள். வழக்கம் அப்படி. நீ இறைத்தாய். ஒரு கணம் தயங்கினாய். பிறகு குடித்தாய். பெரியவர்கள் குடித்தால் ஒன்றும் இல்லை என்று நீதானே சொன்னாய்? அதன்படிதான் நடந்தாய்.

மறுநாளே ஊர் வேறு பேசியது. "தலைவரே குடிச்சாச்சு. பொறவு என்ன பேச்சு?" ஒதுங்கியிருந்த குடங்கள் மறுபடி கிணற்றடிக்கு வந்தன. இரண்டாம் முடிவும் மோசமாக வந்தபோது கேட்க ஆளில்லை. கைக்குழந்தை இருக்கிற வீடுகளாகத் தேடிப் போய்க் கெஞ்சினாய். "நாக்கால சொன்னத ஒருத்தரும் கேக்கல்ல. கையால அள்ளுனத மட்டும் எல்லாரும் பாத்திருக்காவ" என்றாய். சொல்லிவிட்டுச் சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

பதவிக் காலம் முடியுமுன்னே நீ கண்ணை மூடிவிட்டாய். அந்த வீடுகளுக்கு இப்போது நான் போகிறேன். போன வாரம் பிள்ளை பெற்று வந்த ஒரு பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். "தலைவரம்மாவே குடிச்சாங்கல்லா டீச்சர்?" என்றாள்.

"ஆமா மக்கா, குடிச்சா. அவ அறுபது தாண்டினவ. உன் பிள்ளைக்கு இன்னும் முகம் பாக்கவே தெரியல்லியே."

அவள் வாசல் குழாயைத் திருகிக் காட்டினாள். காற்றுதான் வந்தது.

இன்று மாலை கோயில் கமிட்டியார் வந்தார்கள். தலைவர் நாற்காலி காலியாகவே கிடக்கிறது. நாளை முதல் வாளியை உன் கூட்டாளி நான்தான் இறைக்க வேண்டுமாம். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பெண்ணும் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு முன்வரிசையில்தான் நிற்பாள். குடித்தால் அவள் பார்ப்பாள். கொட்டினால் அம்மனை அவமதித்தேன் என்று ஊர் பேசும். அதன் பிறகு எந்த வீடும் எனக்குக் கதவு திறக்காது.

ஓட்டுக் கேட்காமலே நீ எனக்கு விட்டுப்போன பதவி இது. ராஜினாமாவை யாரிடம் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை.