கடவுள் சொன்ன ஃபிரிட்ஜ்

அன்பு மகள் சின்னுவுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன், இங்கே நாங்கள் இருவரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், ஆனால் போன வாரம் எனக்கு விழுந்த அடியில் இன்னும் தலை சுற்றுகிறது. பதறாதே, அடி உடம்பில் இல்லை. போனில் சொல்லலாம் என்றால் அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அம்மாவுக்கு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று சொல்லியிருந்தேன் அல்லவா, டாக்டரம்மாவிடம் காட்டினோம். இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லையாம். ஆபரேஷன் செய்தால் நல்லது, ஆனால் இந்த வயதில் கொஞ்சம் ஆபத்தும் உண்டு, வேண்டாம் என்றால் மாத்திரையில் ஓட்டலாம், ஆனால் போகப் போக இதயம் களைத்துவிடும், வீட்டில் பேசிவிட்டு வெள்ளிக்கிழமை வந்து சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டார். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். பெரிய முடிவு என்றால் நானும் அம்மாவும் ஜன்னல் பக்கம் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிப் பிரார்த்தனை செய்வோம், முடிந்ததும் உனக்கு என்ன படுகிறது என்று நான் கேட்பேன், அவள் மனதில் பட்டதைச் சொல்வாள், அதுதான் கடவுளின் பதில், அதற்குமேல் பேச்சில்லை. அன்றும் நாற்காலியைப் போட்டேன். உட்கார்ந்தாள், ஆனால் கண்ணை மூடவில்லை. “இந்தத் தடவை என்கிட்ட பதில் கேக்காதீங்க, எனக்கு யாரும் எதுவும் சொல்றதில்ல, என்னைக்குமே சொன்னதில்ல” என்றாள்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாத்திரை மயக்கத்தில் பேசுகிறாள் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு நிதானமாகச் சொல்கிறாள், “நான் யோசிச்சுத்தான் சொல்வேன். அதையே நானா சொன்னா ஆயிரம் கேள்வி கேப்பீங்க, அவர் சொன்னதுன்னா வாயத் தொறக்க மாட்டீங்க. எனக்கு அந்த நம்பிக்கையெல்லாம் எப்பவும் இருந்ததில்ல. உங்க பக்கத்துல சத்தமில்லாம உக்காந்திருக்கறது பிடிக்கும், அதான் உக்காந்தேன்” என்று. நீயே சொல், கல்யாணமான நாளிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்தவள் பேசுகிற பேச்சா இது. எனக்கு வேறு பஸ் டிப்போவுக்கு மாற்றல் வந்தபோது போக வேண்டாம் என்றது, என் அக்கா நம்மோடு வந்து இருக்கட்டுமா என்று கேட்டபோது பக்கத்துத் தெருவில் தனி வீடு பார்த்துக் கொடு என்றது, எல்லாம் இவள்தானாம். இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ்தான் வாங்க வேண்டும் என்று கடவுள் சொன்னபோதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நானோ, அவருக்கு நம் வீட்டு நிலவரம் எவ்வளவு தெரிந்திருக்கிறது பார் என்று டிப்போ முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் வேலையில் மனசே இல்லை. பஸ்ஸுக்கு அடியில் படுத்து பிரேக் பார்த்துக்கொண்டிருந்தவன், ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டே ஸ்பானரைத் தேடினேன். வெல்டரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன், சின்ன வயதில் நீ நெருப்பு மாமா என்று கூப்பிடுவாயே, அவர்தான். சிரிப்பார் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. “பிரேக் பிடிக்கலன்னா நீ கண்ண மூடிக் கேக்கறதில்ல, கழட்டித்தான் பாக்கற. வீட்டு விஷயத்துக்கு மட்டும் ஏன் கேக்கற” என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது, எழுந்து போய்விட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பிரேக்கில் தப்பு நடந்தால் அது என் தப்பு என்று ஒத்துக்கொள்கிற தைரியம் எனக்கு இருக்கிறது, வீட்டில் இல்லை. தப்பாகப் போனால் என் தலையில் விழக் கூடாது என்றுதான் பதில் கேட்டிருக்கிறேனோ என்று தோன்றுகிறது. கடவுள் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், நேற்றும் கும்பிட்டுவிட்டுத்தான் படுத்தேன். ஆனால் அவர் குரலை நான் ஒரு நாளும் கேட்டதில்லை, என் காதில் விழுந்ததெல்லாம் உன் அம்மாவின் குரல்தான் என்று தெரிந்தபோது உள்ளே என்னவோ சரிந்துவிட்டது, அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

அப்புறம் தனியாக உட்கார்ந்து கேட்டுப் பார்த்தேன். பதில் வரவில்லை, பயம்தான் வந்தது. சரி என்று அம்மாவுக்குத் தெரியாமல் டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேன், எது தேயும், எவ்வளவு நாள் தாங்கும், மாற்றினால் என்ன ஆகும் என்று என் தொழில் பாஷையிலேயே கேட்டேன், அவரும் பொறுமையாகச் சொன்னார். வீட்டுக்கு வந்து, ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்றேன். “யார் சொன்னா” என்று கேட்டாள். யாரும் சொல்லவில்லை, நான்தான் சொல்கிறேன், பயமாகத்தான் இருக்கிறது என்றேன். அப்போது அழுதுவிட்டாள், சின்னு. “எனக்கும் அதுதான் தோணுச்சு. ஆனா என் உயிர் விஷயத்துல நானே கடவுளா இருக்க பயமா இருந்துச்சு” என்றாள். இத்தனை நாள் அவள் தனியாகச் சுமந்தது என்னவென்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அங்கேயே இருந்தேன். ஆபரேஷன் அடுத்த மாதம் முதல் வாரம் வைத்திருக்கிறார்கள்.

நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல், ஒருவர் சொல்வதை ஒருவர் காது கொடுத்துக் கேட்டு, மனம் நிறைய வாழ வேண்டும் என்று இன்றும் கும்பிட்டேன், கேட்பவர் யாரோ கேட்கட்டும். கண் விழித்து வேலை பார்க்காதே, மாப்பிள்ளையை நான் விசாரித்ததாகச் சொல். இன்னும் ஒன்று. உன்னை அவ்வளவு தூரம் அனுப்பலாமா என்று நாற்காலி போட்டுக் கேட்டபோதும் அனுப்புங்கள் என்றுதான் பதில் வந்தது. எனக்குத் துளியும் இஷ்டமில்லை. கடவுள் அனுப்பிய பிள்ளையைத் திரும்பக் கூப்பிடக் கூடாது என்றுதான் இத்தனை வருஷமும் வா என்று ஒரு வார்த்தை உன்னிடம் சொல்லாமல் இருந்தேன். உன்னை அனுப்பியது உன் அம்மாதான் என்று இப்போது தெரிந்துவிட்டது. வந்துவிட்டுப் போ, சின்னு. இதை நானாகத்தான் கேட்கிறேன்.

என்றும் உன் அப்பா