பீரோ மேல் இருக்கும் பம்பு

பட்டினப்பாக்கம்,
வியாழக்கிழமை.

தீபி அப்பாவுக்கு ஷீலா எழுதுவது. மஸ்கட்டில் வெயில் ஏறியிருக்கும், தலையில் துணி கட்டாமல் வேலைக்கு இறங்காதீர்கள். உங்கள் அக்கா சௌக்கியம். நானும் ஏதோ இருக்கிறேன். நம் பெண்ணைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். அண்ணி தீபிக்கு என்ன ஊட்டுகிறார் என்று போனில் இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் "இன்னாடி, எங்க அக்கா மேலயே சந்தேகப்பட்றியா" என்று கட் பண்ணிவிட்டீர்கள். காகிதத்தைக் கட் பண்ண முடியாது. லீவில் வந்திருந்த நாகராஜ் அண்ணன் நாளைக் காலை மஸ்கட்டுக்கு விமானம் ஏறுகிறார். சாயங்காலத்துக்குள் உங்கள் கையில் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

போன ஆடியில் நீங்கள் லீவு முடிந்து போனபோது தீபி இருபத்து மூன்று கிலோ. இப்போது முப்பத்தெட்டு. வீடியோவில் பார்த்துவிட்டு "என் பொண்ணு நல்லா பூசினாப்ல கீது" என்று சிரித்தீர்கள். கிட்டத்தில் பார்த்திருந்தால் சிரித்திருக்க மாட்டீர்கள். கன்னம் உப்பிக் கண் சிறுத்துவிட்டது. வயிறு முன்னால் வந்துவிட்டது, கையும் காலும் மட்டும் குச்சி. வகுப்பில் அவளுக்குப் பட்டப்பெயர் பன்னு.

நான் சந்தேகப்படாத ஆள் இல்லை. தெருமுனையில் மீன் வறுக்கிற சுப்பம்மாவிடம் போய், என் பெண்ணுக்குத் தினமும் எத்தனை துண்டு கொடுக்கிறாய் என்று கேட்டேன். "உன் பொண்ணு இங்க வந்தே மாசமாவுது. என்னான்ட இன்னாத்துக்கு கேக்குற, உன் ஊட்ல போய்க் கேளு" என்று மூஞ்சியில் அடித்தாற்போல் சொன்னாள். அவள் சொன்னதும் மனசு நேராக அண்ணியிடம்தான் போனது. தி.நகர் புடவைக் கடையில் காலை ஒன்பதரைக்கு நிற்க ஆரம்பித்தால் ராத்திரிதான் எனக்கு வீடு. அதுவரை பிள்ளை உங்கள் அக்கா கையில். திருட்டுத்தனமாக ஏதோ ஊட்டுகிறார் என்று முறுக்கு டப்பாவில் பேனாவால் கோடு போட்டு வைத்தேன். கோடு அப்படியே இருந்தது. அப்போதும் என் சந்தேகம் போகவில்லை.

கடைசியில் பிள்ளையையே சந்தேகப்பட்டேன். ஒரு கரண்டிதான் என்று சோற்றை அளந்து போட்டேன். ஒரு லீவு நாளில் சட்டியில் கைவிட்டு அள்ளித் தின்றவளை அடித்துவிட்டேன், மாமா. "பசிக்குதும்மா" என்று அழுதாள். நடிக்கிறாள் என்று நினைத்தேன்.

அடையாறில் காட்டிய டாக்டர் இனிப்பைக் குறை, ஓடச் சொல் என்றார். ஆழ்வார்பேட்டையில் தைராய்டு எடுத்தோம், சரியாக இருந்தது. பிறகுதான் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே ஒரு டாக்டரம்மா சட்டையைத் தூக்கி வயிற்றில் இருந்த சிவப்புக் கோடுகளைப் பார்த்தார், உடனே சேர்த்துவிட்டார். இன்றோடு ஐந்து நாள்.

ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். உடம்பு தானாகச் சுரக்க வேண்டிய ஸ்டீராய்டு தீபிக்குச் சுரப்பதே இல்லையாம். வெளியிலிருந்து மாத்திரையாகப் போய்க்கொண்டிருந்தால்தான் இப்படி ஆகுமாம். "யாரும்மா குடுக்கறீங்க?" என்றார். யாருமில்லை என்றேன். என்னைத் திருடியைப் பார்ப்பது போலப் பார்த்தார். முன்னால் என்ன நோய் இருந்தது என்று கேட்டார். வீசிங் இருந்தது, ஒன்பது மாதமாகத் தானாகவே நின்றுவிட்டது என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "தானாவா?" என்றார்.

அந்த ஒரு கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. வீசிங் நின்றதும் வடபழனி முருகனுக்கு நன்றி சொன்னேனே தவிர, ஏன் நின்றது என்று நான் கேட்கவே இல்லை.

நேற்று மத்தியானம் அண்ணி கஞ்சி எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்தார். தீபி என் காதோரம் வந்து, "அம்மா, இங்க அப்பா மாத்திரை யாரு குடுப்பாங்க?" என்றாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தினமும் இரண்டு சின்ன வெள்ளை மாத்திரையாம், அத்தை கொடுப்பாராம். அம்மாவிடம் சொன்னால் வீசிங் திரும்ப வரும், பம்பு வைப்பார்கள் என்று அப்பா சொல்லிவிட்டுப் போனாராம்.

அந்தப் பம்பு எனக்கு ஞாபகம் இருக்கிறது. வீசிங்குக்கு வாயில் வைத்து உறிஞ்சச் சொல்லி, போன ஆடியில் டாக்டர் எழுதிக் கொடுத்து வாங்கினோம். "பொட்டப் புள்ள வாயில பம்ப வெச்சினு சுத்துனா நாளைக்கு எவன் கட்டுவான்" என்று பீரோ மேல் தூக்கிப் போட்டீர்கள். இன்னும் அட்டைப்பெட்டி பிரிக்காமல் அங்கேதான் இருக்கிறது. எட்டு வயசுக் குழந்தைக்கு மாப்பிள்ளை பார்த்தீர்கள்.

அண்ணியிடம் கேட்டேன். தீபி தலையில் கை வைத்து அழுதார். "எந்தம்பிக்கு சத்தியம் பண்ணிக் குட்த்துட்டேன், அவனையே கேளு" என்றார். மாத்திரையின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை, ஆனால் பாவமாகவும் இருக்கிறது. தம்பி சொன்னது நல்லதுக்கென்றுதான் செய்திருப்பார்.

டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வீசிங்கை அடக்கியதும் உடம்பை ஊத வைத்ததும் அந்த மாத்திரைதானாம். சட்டென்று நிறுத்தினால் குழந்தை சுருண்டு விழுந்துவிடுமாம். அவர் தன் கையால் அளவு பார்த்துக் கொடுத்து, மாதக்கணக்கில் குறைக்கப் போகிறார். அதற்கு அந்த மாத்திரையின் பெயர் வேண்டும், எந்தக் கடையில் வாங்கியது என்று தெரிய வேண்டும். முகம் பழையபடி ஆகிவிடும் என்கிறார். வீசிங் திரும்ப வரும், அப்போது பம்புதான் என்றும் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை வீட்டுக்கு அனுப்புவார்கள். நான் கடைக்குப் போக வேண்டும், பிள்ளை மறுபடி அண்ணி கையில்தான் இருக்க வேண்டும்.

நாளைக்கு இதைப் படித்ததும் போன் பண்ணுங்கள். எனக்கு வேண்டாம், உங்கள் அக்காவுக்குப் பண்ணுங்கள். சத்தியத்தை விட்டுவிடு, மாத்திரை பெயரையும் கடையையும் சொல்லிவிடு, பம்பை நீயே எடுத்துக் கொடு என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். நான் சண்டை போட மாட்டேன்.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாயா என்று டாக்டரம்மா தீபியிடம் மூன்று நாள் மாறி மாறிக் கேட்டார். ஊசி ஏறின கையை மடியில் வைத்துக்கொண்டு, இல்லை இல்லை என்றே சொன்னாள், உங்களைக் காட்டிக் கொடுக்கக் கூடாதென்று. இனிமேல் அவளைப் பொய் சொல்ல வைக்காதீர்கள். கபாலீசுவரர் உங்களை நன்றாக வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
தீபிகாவின் அம்மா.