புகை நின்ன மூட்டம்

என் தங்கமகளுக்கு அம்மா எழுதுறது. நானும் உங்கப்பாவும் இங்க மூச்சும் பேச்சுமா இருக்கோம், நீயும் அப்படியே இருக்கணும்னு நெனச்சுக்கிட்டுதான் பேனாவ எடுத்தேன்.

காய்ச்சல் விட்டுடுச்சும்மா, பாட்டு வருதுன்னு நேத்து ஃபோன்ல சிரிச்ச பாரு, அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கல. சொல்ல வாயெடுத்தா ஃபோன வெச்சுட்ட, அதான் இந்தக் கடுதாசி. ஆடு ரெண்டு குட்டி போட்டுச்சு, ஒண்ணு உங்க சித்தப்பா மாதிரியே முழிக்குது, அத விடு. உங்கப்பாவுக்கு இதே சளிக்காய்ச்சல் வந்தப்ப நடந்தத உனக்கு முழுசா சொன்னதில்ல. விறக அடுக்கி மண்ணப் போட்டு மூடிக் கரிமூட்டம் போடுற மனுஷன் இல்லையா, இருமல் நின்னதும், புகை நின்னுடுச்சு மூட்டம் அணைஞ்சுடுச்சுன்னாரு. நானும் நம்பிப் போர்வையெல்லாம் துவைச்சுப் போட்டேன். புகை நின்ன பிறகும் உள்ள கனல் கெடக்கும்னு எங்களுக்குத் தெரியாததா, உடம்புன்னதும் மறந்துபோச்சு. சாயங்காலம் கட்டில்ல உக்காந்து பேசிக்கிட்டிருந்தாரு, வலியில்ல, இளைப்பில்ல, ஒரே குஷி. எதிர்ல காலி நாற்காலி. அதப் பார்த்து, செத்துப்போன உங்க பெரியப்பாகிட்ட, "மண்ணத் தள்ளுண்ணே, உள்ள வெளிச்சம் தெரியுது"ன்னாரு. ஓடிப்போனேன். கையத் தொட்டா சில்லுன்னு இருக்கு, நகமெல்லாம் கருநீலம், சிரிக்கிற உதடும் அதே நிறம்.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம், கிருமி அனேகமா போயிடுச்சுன்னாங்க டாக்டரம்மா. "திருடன் ஓடிட்டான்மா, அவன அடிக்க வந்த ஊர்க்காரங்கதான் இன்னும் வீட்ட நொறுக்கிக்கிட்டிருக்காங்க." உடம்போட எதிர்ப்பு சக்தியாலயே நுரையீரல்ல அழற்சியாம், வெந்து வீங்கிக் கெடக்காம், அவருக்கு மூச்சு பத்தாததே அவருக்குத் தெரியலையாம். ஆக்சிஜன் வெச்சு, ஸ்டீராய்டு கொடுத்து அந்தக் கூட்டத்த அடக்கினாங்க. வீட்டுல மிச்சமிருக்கிற அந்த ஸ்டீராய்டு மாத்திரைய உனக்கு அனுப்பச் சொல்லி உங்க சித்தப்பா ஒத்தக்கால்ல நின்னான். டாக்டரம்மாகிட்ட கேட்டேன், திட்டினாங்க. மூச்சு பத்தாம போனவங்களுக்குத்தான் அது, முன்னாடியே முழுங்கினா திருடன் உள்ள இருக்கும்போதே ஊர்க்காரங்க கையக் கட்டிப்போட்ட மாதிரியாம். அதனால நீயா எதையும் வாங்கிப் போட்டுக்காத. உங்கப்பா இப்ப நல்லாத்தான் இருக்காரு, அந்த நாற்காலியில மட்டும் யாரையும் உக்கார விடுறதில்ல. அண்ணன் எழுந்திரிக்கட்டும்ங்கிறாரு. நான் அந்தப் பக்கம் பார்க்காமதான் கூட்டுறேன்.

இதக் கொண்டாந்த லாரிக்காரத் தம்பிகிட்ட ரத்தத்துல ஆக்சிஜன் எவ்வளவுன்னு காட்டுற, விரல்ல மாட்டுற மெஷினும் இருக்கு. நீ விரல நீட்டி, அதுல வர்ற நம்பர அவர் பார்த்து எனக்கு ஃபோன்ல சொல்ற வரைக்கும் வாசல விட்டு நகர மாட்டாரு. தொண்ணூத்தி நாலுக்குக் கீழ இருந்தா வாயாடாம அதே லாரியில ஏறி ஆஸ்பத்திரிக்குப் போ. நூறாயுசுக்கும் நல்லா இருடி கண்ணு. மறந்துடாத, நகச்சாயத்த அழிச்சுட்டுப் பாரு.

உன் பாட்டு இன்னும் காதுலயே நிக்குது,
அம்மா