அந்த ஊர்க் குளிருக்கு இந்த மாவு ஆகாது

உப்பளம், புதுச்சேரி
ஜனவரி 6, செவ்வாய்

அன்புள்ள ஸ்டெல்லா அக்காவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசியபோது ஸ்வெட்டர் கையை விரல் நுனி வரை இழுத்துவிட்டு, அந்தத் துணியோடு சேர்த்துப் போனைப் பிடித்திருந்தாய். ஹீட்டர் ஓடுகிறது, வீடு கதகதப்பாக இருக்கிறது என்று நீயே அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாய். அப்புறம் எதற்குக் கையை மூடுகிறாள் என்று நினைத்தேன்.

நீ எழுந்து உள்ளே போனதும் மாமா போனை வாங்கி அப்பாவிடம் தணிந்த குரலில் சொன்னார். மாமா பேசினால் நான் எங்கே இருப்பேன் என்று உனக்குத் தெரியும். கதவுக்குப் பின்னால்தான் நின்றேன். உன் விரல் முட்டியெல்லாம் வெடித்து ரத்தம் கசிகிறதாம். முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேரப் போன அன்று, இந்தக் கையோடு பெரியவர்களைக் குளிப்பாட்டக் கூடாது, மாதக் கடைசிக்குள் ஆறினால் வா, இல்லையென்றால் வேறு ஆள் போட்டுவிடுவோம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். எங்களிடம் நீ வேலை அடுத்த மாதம்தான் என்று சிரித்துக்கொண்டே சொன்னாய்.

அப்பா, "ஹார்பர்ல ஐஸ் தூக்குனா எனக்குந்தான் வெடிக்குது. தேங்கா எண்ண தடவச் சொல்லுங்க மாப்ள" என்றார். எண்ணெய் பாட்டிலுக்குள்ளேயே மெழுகுவர்த்தி மாதிரி உறைந்து நிற்கிறது என்று மாமா சொன்னார். "சுடுதண்ணியில அந்த மாவப் போட்டு ரெண்டு வேளையும் தேய்ச்சுத்தான் குளிக்கிறா மாமா, அப்பவும் ஆற மாட்டேங்குது" என்றும் சொன்னார்.

அக்கா, அந்தக் குளியல் மாவு நான் அரைத்தது. நீ கிளம்பிய அன்று, அங்கே போய் சோப்பைத் தொடாதே, ரெண்டு வேளையும் இதையே போடு என்று உன் காதில் சொன்னதும் நான்தான். இங்கே உனக்கு முகத்தில் எண்ணெய் வழியும், பரு வரும். அதனால் பச்சைப்பயற்றோடு கடலைப்பருப்பைக் கொஞ்சம் கூட்டி, காய்ந்த ஆரஞ்சுத் தோலையும் போட்டு மிஷினில் கொடுத்து அரைத்துவந்தேன். எண்ணெயை எடுக்கிற மாவு அது. குளிர் ஏற்கெனவே உன் தோலில் இருந்த பசையை எல்லாம் எடுத்துவிட்டது. மிச்சம் இருந்ததை என் மாவு எடுத்திருக்கிறது.

இது நேற்றுத்தான் எனக்குப் புரிந்தது. பார்லருக்கு ஒரு மதாம் வந்திருந்தார். நம் ஊர்க்காரர்தான், முப்பது வருஷமாக நீ போயிருக்கிற அதே பிரான்சில் இருக்கிறார், கிறிஸ்துமஸுக்கு வந்தவர். நெற்றி முழுக்கப் பொடிப்பொடியாகக் கிளம்பியிருந்தது. எங்கள் முதலாளி கமலவேணி அக்கா என்னை ஃபேஷியல் போடச் சொன்னார். தொட்டால் விரல் ஒட்டுகிறது. அங்கே குளிருக்குப் பூசுகிற கெட்டி க்ரீமை இங்கேயும் காலை, மாலை பூசுகிறாராம். "மதாம், இங்க கடக் காத்து, வேர்வை. இது வேணாம், லேசா ஜெல்லு மாதிரி போட்டாலே போதும்" என்று சொல்லிவிட்டேன். பத்தாவதில் பாதியில் நின்ற நான் அவருக்குச் சொல்கிறேன் பார்! அதோடு விடவில்லை, அந்த ஊரில் கை வெடித்தால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்டேன். கமலவேணி அக்கா, "வாயில கொழுக்கட்ட வச்சிருந்தவ இன்னிக்கி முழுங்கிட்டா பாருங்க" என்று சிரித்தார்.

மதாம் சிரிக்கவில்லை. "போன புதுசுல பாண்டிச்சேரி குளியல அங்க போயிக் குளிச்சேம்மா, நல்லா அனுபவிச்சேன்" என்று தன் புறங்கையைத் திருப்பிக் காட்டினார். பழைய தழும்பு இன்னும் இருக்கிறது.

அவர் சொன்னதை எழுதுகிறேன். மாவை நிறுத்திவிடு. ஒரு வேளை குளித்தால் போதும், வேர்க்காத ஊரில் ரெண்டு வேளை எதற்கு? வெதுவெதுப்பான தண்ணீரில் சீக்கிரம் குளித்துவிட்டு வா. துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள் வாசனை இல்லாத கெட்டி க்ரீம் பூசு. ஒவ்வொரு முறை கை கழுவியதும் மறுபடி பூசு. படுக்கும்போது கைக்கு வாசலைன் தடவிப் பருத்திக் கையுறை போட்டுக்கொள். இது நான் சொல்வது: கைக்குப் பூசுகிறதை நெற்றியிலும் மூக்கிலும் அப்பிவிடாதே. ஊர் மாறினாலும் உனக்கு அந்த இடங்களில் எண்ணெய் சுரக்கும், பரு வரும். கன்னத்துக்கு மட்டும் லேசாகப் போடு. புது க்ரீம் எதுவானாலும் முதலில் முழங்கையின் உள்பக்கம் தடவி ஒரு நாள் பார். ரத்தம் வருகிற வெடிப்பை டாக்டரிடம் காட்டு, தள்ளிப்போடாதே.

அம்மா பார்சலில் இன்னும் ரெண்டு கிலோ மாவு கட்டி வைத்திருந்தார். வேண்டாம் என்றேன். "நம்ம வூட்டு மாவு என்னாடி பண்ணும்?" என்று கோபித்துக்கொண்டார். சாயங்காலம் தானாகவே பிரித்து டப்பாவில் கொட்டிவிட்டார். அந்த இடத்தில் கருவாடு வருகிறது.

இதையெல்லாம் போனில் சொல்லலாம். ஆனால் போனைச் சுற்றி எல்லோரும் நிற்பார்கள், மன்னித்துக்கொள் என்று எனக்கு வாயால் சொல்ல வராது. மதாம் வெள்ளிக்கிழமை கிளம்புகிறார், அங்கே இறங்கியதும் இதைத் தபாலில் போடுகிறேன் என்றார்.

கோபம் இருந்தால் திட்டி எழுது, வாங்கிக்கொள்கிறேன். எங்களிடம் கையை மட்டும் மறைக்காதே அக்கா. எப்படி இருந்தாலும் காட்டு. மாதா உன் பக்கத்திலேயே இருக்கட்டும்.

உன் தங்கை,
பிரிஸ்கில்லா

பி.கு.: கடிதம் வந்து சேர ஒரு வாரம் ஆகும், அதுவரை நீ அந்த மாவையே போட்டுக்கொண்டிருப்பாய் என்பது ஒட்டப் போகும்போதுதான் உறைத்தது. அப்பாவின் போனை எடுத்து மாமாவை நானே கூப்பிட்டேன். மாவை எடுத்து ஒளித்து வைக்கச் சொன்னேன். மாதக் கடைசி வரை பாத்திரம் அவர்தான் கழுவ வேண்டும் என்றும் சொன்னேன்.