சிறுவாணிக் குமிழ்

ஜூலை 4, வெள்ளி
காலையிலிருந்து சாரல். துணி காயவில்லை. வெயிலை வைத்துத் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுப்பது என் ஆராய்ச்சி; பீளமேட்டில் வெயிலையே காணோம். செவ்வாய் அன்று மதிப்பீட்டுக் குழு வருகிறது. அதற்கென்று நான் செய்த தகட்டில் ஹைட்ரஜன் குமிழ் வந்தால் ஓராண்டு நீட்டிப்பு. இல்லையென்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு சொந்த ஊர் சென்னிமலை.

அம்மா போனில்: "ஏங் கண்ணு, எலை சும்மா செய்யறத நீ இத்தன வருசமாப் பண்ணீட்டிருக்கற?" கோபம் வந்தது. சரியான கேள்வி, அதனால்தான்.

ஷாம்பு, டேப் வாங்க வேண்டும்.

ஜூலை 5, சனி
வெயில்! ஜூனியர் கௌதமும் நானும் தகடு வைத்த கண்ணாடிக் கலத்தை மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். தகடு முழுக்கக் குமிழ். கௌதம் வீடியோ எடுத்தான். என் கைடு சார் அதைக் குழுத் தலைவருக்கே அனுப்பிவிட்டார். இத்தனை நாள் வராதது இன்றைக்கு மட்டும் ஏன்?

ஜூலை 6, ஞாயிறு
இருப்புக் கொள்ளவில்லை. தனியாக மாடிக்குப் போனேன். கலத்தில் நேற்று ஊற்றிய, கௌதம் கேனில் கலக்கி வைத்திருந்த அதே கரைசல். வெயிலில் குமிழ் வந்ததும் துப்பட்டாவால் மூடினேன். ஒளி இல்லையென்றால் நிற்க வேண்டும். நிற்கவில்லை. கண்ணாடிச் சுவரிலும் குமிழ்.

கௌதமுக்குப் போன்.

"டிஸ்டில்டு வாட்டர் தீந்துபோச்சுங்க அக்கா. சிறுவாணித் தண்ணி ஊத்திப்போட்டேன். அத உட சுத்தமான தண்ணி எங்கீங்க இருக்குது?"

குழாய்த் தண்ணீர் சூடானதும் அதில் கரைந்திருந்த காற்று வெளியே வந்திருக்கிறது. அவ்வளவுதான். திட்ட வாய் வரவில்லை. ஹாஸ்டலில் வெளியூர்ப் பெண்களிடம் நானும் கோவைச் சிறுவாணித் தண்ணீரைப் பற்றி இதே பெருமைதான் அடிப்பேன்.

ஜூலை 7, திங்கள்
சாரிடம் சொன்னேன். "வீடியோவ அனுப்பிப்போட்டனேம்மா" என்றார். பிறகு, "நாளைக்கு நீங்களே சொல்லீருங்க."

பக்கத்து லேபில் கெஞ்சி டிஸ்டில்டு வாட்டர் வாங்கியாயிற்று. புதுக் கரைசல் தயார். நாள் முழுக்க மேகம்.

ஜூலை 8, செவ்வாய்
குழுவிடம் சொல்லிவிட்டேன். சிறுவாணி என்றதும் குழுத் தலைவர் சிரித்துவிட்டார். எனக்கு அழுகை வரப் பார்த்தது.

மதியம் கொஞ்ச நேரம் வெயில். எல்லோரும் மாடிக்கு. தகட்டில் மட்டும், கடுகைவிடச் சின்னதாக நாலைந்து குமிழ். தலைவர் கையிலிருந்த குடையை வாங்கிக் கலத்தின்மேல் விரித்தேன். நின்றுவிட்டது. குமிழ் நின்றதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டவள் நானாகத்தான் இருப்பேன். குடையை எடுத்தேன். மறுபடி ஒன்று. பக்கத்தில் இன்னொன்று.

தலைவர் கிளம்பும்போது குடையை நீட்டினேன். வாங்கவில்லை.

"இங்கயே இருக்கட்டுங்கம்மா. அடுத்த வருசமும் வேணுமில்லீங்க."