படகிலா, கரையிலா

டங்க்ரிகா, பெலீஸ்
மே 9

என் தம்பி அன்செல்மோவுக்கு அக்கா பெட்ரோனா எழுதிக்கொள்வது. நான் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று நம் முன்னோர்களிடம் கேட்டுக்கொண்டுதான் இதைத் தொடங்குகிறேன். என்னிடம் இருப்பது உன் பழைய சிகாகோ விலாசம்தான். அதற்கே எழுதுகிறேன்.

இங்கே மழை முந்திக்கொண்டது. நேற்று மரவள்ளியைத் துருவி, பிழிந்து, ரொட்டி சுட்டேன். ஒருத்திக்கு எத்தனை வேண்டும்? கை பழக்கத்தில் கல் நிறையப் பரப்பிவிட்டது. பக்கத்து வீட்டு ஹெரோனிமா வந்து பாதியை எடுத்துக்கொண்டு, "ஏண்டி, பேய்க்கும் சேத்தா சுடுற?" என்றாள். அவளுக்கு முழங்கால் வலி. நாக்கில் மட்டும் ஒரு வலியும் கிடையாது.

சொல்ல வந்தது வேறு. சுற்றுலாக் கடைக்காரர்களுக்குக் கிளியும் தென்னையும் வரைந்து விற்பதை விட்டுவிட்டேன். அப்பாவின் படகுப் பாயை விரித்து நம் ஆட்களை வரைகிறேன். ஊரை விட்டுப் போகும்போது நீ சொன்னாய்: "அங்க நான் வெறும் கறுப்பன்க்கா. தீவுப் பழங்குடிப் பாட்டி கதையெல்லாம் யாரு கேக்கப் போறா? நீயே வச்சுக்க." வைத்துக்கொண்டேன்.

ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அடிமைக் கப்பல் உடைந்து தீவில் கரையேறிய நம் முன்னோர்களைக் கரியால் வரைந்தேன். மரவள்ளியின் விஷத்தைப் பிழியக் கற்றுக்கொடுத்த தீவுப் பெண்களைச் சிவப்பு விதைச் சாயத்தால் வரைந்தேன். அம்மாவிடம் வந்ததும் கை நின்றுவிட்டது. கன்னத்து எலும்பு தீவுப் பெண்களுடையது, தலைமுடி கப்பலில் வந்தவர்களுடையது. கரியையும் சாயத்தையும் ஒரே விரலில் தொட்டுப் பூசினேன். அப்புறம்தான் அம்மா என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் அழுதேன். கூட யாரும் இல்லாததால் வெட்கப்பட வேண்டியிருக்கவில்லை.

செத்தவர்கள் படகில், இருப்பவர்கள் கரையில் என்று ஓர் ஒழுங்கு வைத்திருந்தேன். உன்னைப் படகில் உட்கார வைத்துவிட்டேன். பதினோரு வருடம் ஒரு வரி இல்லை. கோபத்தில்தான் செய்தேன் போலிருக்கிறது.

ஆகஸ்டில் அம்மாவுக்கு முன்னோர் சடங்கு. குடும்பம் முழுவதும் கூட வேண்டும், எல்லோருக்கும் சிவப்புச் சாயத் துணி. பாயைக் கோயிலில் தொங்கவிடலாமா என்று பார்க்க வந்த பூசாரியம்மா உன் முகத்தில் விரலை வைத்து, "இவன் செத்துட்டானா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன்.

"தெரியாதவன எப்படிடி படகுல ஏத்தின? செத்தவனுக்குச் சோத்துத் தட்டு வைக்கணும், இருக்கிறவனுக்குச் சட்டை தைக்கணும். ரெண்டுல எது? உசுரோட இருக்கிறவனுக்குத் தட்டு வைக்க எனக்குக் கை வராது, சொல்லிட்டேன்."

ஹெரோனிமா சும்மா இருப்பாளா? "எழுதாதவன் செத்தவன்தான்" என்றாள். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நானே மீன் குழம்பும் இடித்த வாழைக்காயும் எடுத்துக்கொண்டு போனேன். வேறு யாரோடு பேசுவது?

அன்று மாலையே உன்னைப் படகிலிருந்து சுரண்டி எடுத்தேன். கரி போய்விட்டது. சாயம் போகவில்லை. கரையில் மாமா பிள்ளைகளுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருக்கிறேன். இன்னும் வரையவில்லை. உன் இப்போதைய முகம் எனக்குத் தெரியாதே.

பூசாரியம்மாவிடம் சட்டை என்று சொல்லிவிட்டேன். துணியைத் தோய்த்துக் காயப்போட்டிருக்கிறேன். போகும்போது நீ ஒல்லிப்பயல். இப்போது தொப்பை போட்டிருக்கலாம். வர முடியாவிட்டால் பரவாயில்லை. ஏன் எழுதவில்லை என்றும் கேட்க மாட்டேன். மார்பளவும் கை நீளமும் மட்டும் எழுது தம்பி. இரண்டே எண்கள். ஜூலைக்குள் கிடைத்தால் தைத்துவிடுவேன்.

நீ எந்தக் கரையில் நின்றாலும் உன் காலடி மண் உறுதியாக இருக்கட்டும்.

உன் அக்கா,
பெட்ரோனா